எந்த அறிவியல் சிறுகதை மேலானது, எதை வைத்துச் சொல்வது?

இரண்டு அறிவியல் சிறுகதைகளில் எது நல்ல கதை என்று பேச ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே கதையை விட்டு வெளியே போய்விடுகிறது. ஒருவர், "இதில் எழுதியது பிற்பாடு அப்படியே நடந்தது" என்பார். இன்னொருவர், "இதில் இயற்பியல் தப்பு" என்பார். மூன்றாமவர், "கடைசி வரி தூக்கிவாரிப் போட்டது, அதனால் இதுதான்" என்பார். மூன்று பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் மூன்று வெவ்வேறு பொருள்களை அளக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பேச்சு எங்கேயும் போய்ச் சேருவதில்லை.

எதை அளந்தால் ஒப்பீடு பயன்படும் என்பதை, உலக அளவில் பலரும் படித்த சில கதைகளைக் கொண்டு பார்க்கலாம். கதைகளின் முடிவுகளும் இதில் வெளிப்படும். முடிவைத் தொடாமல் ஒரு சிறுகதையை எடைபோட வழியில்லை.

முதலில் அடிப்படை

அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ, நெபுலா ஆகிய இரண்டு பெரிய விருதுகளும் 7,500 சொற்களுக்குக் குறைந்ததைச் சிறுகதை என்கின்றன. அதற்கு மேல் 17,500 வரை நாவலெட், 40,000 வரை குறுநாவல், அதன்பின் நாவல். இங்கே வரும் சில கதைகள் இந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டியவை. பேசப்போகிற விஷயத்துக்கு அது இடைஞ்சல் இல்லை.

இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், நாவலில் ஒரு புது உலகத்தையே எழுப்ப இடம் இருக்கிறது. அதன் அரசியல், மொழி, போக்குவரத்து, சண்டைகள் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லலாம். சிறுகதைக்கு அந்த வசதி இல்லை. நாம் வாழும் உலகத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, அதன் விளைவைக் காட்டி முடிக்க வேண்டும்.

அந்த ஒரு மாற்றத்துக்கு விமர்சகர் டார்கோ சூவின் 1970களில் 'நோவம்' என்று பெயர் வைத்தார். தமிழில் புதுக்கூறு என்று வைத்துக்கொள்ளலாம். நம் உலகில் இல்லாதது, ஆனால் காரண காரியத்தோடு யோசித்துப் பார்க்க முடிவது, கதையில் மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடுவது: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது புதுக்கூறு. மந்திரக்கோல் வந்தால் அது மாயக்கதை. மந்திரக்கோலுக்கு ஒரு விதி இருந்து, அந்த விதிக்குக் கதையில் எல்லோரும் கட்டுப்பட்டால், அது அறிவியல் புனைகதைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

ஆக, ஒப்பிட வேண்டியது மூன்று. புதுக்கூறு என்ன, அதன் விதி என்ன, அந்த விதி யார் மேல் விழுகிறது? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான கதைகள் தேறுகின்றன அல்லது தோற்கின்றன என்பது என் கணிப்பு.

வழக்கமான மூன்று அளவுகோல்கள், அவை ஏன் போதாது

1. பலித்ததா என்பது. ரே பிராட்பரியின் 'தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்' 1950இல் வெளியான கதை. மனிதர்கள் யாரும் உயிரோடு இல்லாத ஒரு தானியங்கி வீடு, வழக்கம்போலத் தன் வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. நூலில் சேர்ந்த வடிவத்தில் கதை நடக்கும் காலம் 2026 ஆகஸ்ட். 1997இல் வந்த பதிப்பில் ஆண்டுகளையெல்லாம் 31 தள்ளிவைத்தார்கள், 2026 என்பது 2057 ஆனது. கதையில் வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை, அதன் வலிமையும் குறையவில்லை. ஆண்டை மாற்றியும் ஒரு கதை அப்படியே நிற்கிறது என்றால், அதன் பலம் ஆரூடத்தில் இல்லை.

2. அறிவியல் சரியா என்பது. ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி நைன் பில்லியன் நேம்ஸ் ஆஃப் காட்' 1953இல் வந்தது. கடவுளின் எல்லாப் பெயர்களையும் எழுதி முடிப்பதுதான் மனித குலம் படைக்கப்பட்டதன் நோக்கம் என்று நம்பும் திபெத்தியத் துறவிகள், கையால் எழுதினால் 15,000 ஆண்டு ஆகும் வேலையை 100 நாளில் முடிக்க ஒரு கணினியை வாடகைக்கு எடுக்கிறார்கள். வேலை முடிகிறது. கடைசியில் வானத்து நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக, ஆரவாரமில்லாமல் அணைகின்றன. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி வந்து சேரவே 4 ஆண்டுக்கு மேல் ஆகும். எனவே எல்லாம் ஒரே இரவில் அணைவதை நாம் பார்க்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், சில ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, அணைந்திருக்க வேண்டும். தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களைப் புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிறுத்தலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதிய கிளார்க்குக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இந்தக் கதைக்கு அது குறையாகப் படவில்லை, ஏனென்றால் அதன் பாரம் ஒளியின் வேகத்தின் மேல் ஏற்றப்படவில்லை. கதை எந்த இடத்தில் தன் முழு எடையையும் சாய்க்கிறதோ, அங்கே அறிவியல் தவறினால்தான் கதை விழும்.

3. திருப்பம். இதே கிளார்க்கின் 'தி ஸ்டார்' 1955இல் வந்து, அடுத்த ஆண்டே ஹ்யூகோ விருது வாங்கியது. விண்பயணக் குழுவில் இருக்கும் ஓர் ஏசு சபைத் துறவி, ஒரு நட்சத்திரம் வெடித்ததால் அழிந்துபோன அழகான நாகரிகத்தின் எச்சங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அவர் வானியற்பியலாளரும்கூட. அந்த வெடிப்பின் காலத்தைக் கணக்கிட்டதில், இயேசு பிறந்தபோது பெத்லகேமின் மேல் ஒளிர்ந்தது அந்த நட்சத்திரம்தான் என்று தெரிகிறது.

மேலே சொன்ன இரண்டு கிளார்க் கதைகளுமே கடைசி வரியில் அடிப்பவைதான். ஆனால் மறுபடி படிக்கும்போது வித்தியாசம் தெரியும். 'நைன் பில்லியன் நேம்ஸ்' கதையில் கணினியை இயக்கும் இரண்டு பொறியாளர்களும், நாம் அறிவதற்கு முன்பு எதையும் அறிவதில்லை. துறவிகள் ஏமாந்து கோபப்படுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. இரண்டாம் வாசிப்பில் அவர்களிடம் பார்க்கப் புதிதாக ஒன்றுமில்லை. 'தி ஸ்டார்' துறவிக்கோ முதல் வரியிலேயே எல்லாம் தெரியும். சுவரில் தொங்கும் சிலுவையைப் பார்க்கத் தயங்குகிறார். முதல் தடவை அது சாதாரணச் சோர்வாகத் தெரிகிறது. இரண்டாம் தடவை, நம்பிக்கை உடைந்துகொண்டிருக்கும் ஒருவரின் ஒவ்வொரு வாக்கியமும் கனக்கிறது. திருப்பம் வாசகரை மட்டும் அடித்தால் அது ஒரு தடவைக்குத்தான். பாத்திரத்தையும் சேர்த்து அடித்தால் கதை மறுவாசிப்பிலும் நிற்கும்.

எடுத்துப் பார்க்கும் சோதனை

'கேலக்ஸி' என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழின் முதல் இதழ் 1950 அக்டோபரில் வந்தது. ஆசிரியர் ஹெச். எல். கோல்ட். அதன் பின்னட்டையில் இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஒன்றில் குளம்பொலி அதிர ஒரு கௌபாய் கணவாய் வழியே பாய்ந்து வருகிறான். மற்றொன்றில் அதே ஆள், அதே பெயரோடு, ராக்கெட் சீற ஒரு கோளில் இறங்குகிறான். குதிரை இருந்த இடத்தில் ராக்கெட், கைத்துப்பாக்கி இருந்த இடத்தில் கதிர்த்துப்பாக்கி, மற்றபடி வாக்கியம் அதேதான். இந்த மாதிரிக் கதை எங்கள் இதழில் ஒருநாளும் வராது என்பதுதான் அந்த விளம்பரம் சொன்ன செய்தி.

இன்றைக்கும் இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. கதையிலிருந்து புதுக்கூறை எடுத்துவிட்டு, நமக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை அங்கே வையுங்கள். கதை அப்படியே ஓடுகிறதா? ஓடினால், அறிவியல் வெறும் ஒப்பனை. 'தி ஸ்டார்' கதையில் நட்சத்திர வெடிப்பை எடுத்துவிட்டுப் பூகம்பத்தை வைத்தால், துறவியின் துயரம் மிஞ்சும், ஆனால் அவரது குறிப்பிட்ட நெருக்கடி போய்விடும். தான் வணங்கும் ஒளியே இன்னோர் இனத்தைக் கொன்றது என்ற அறிவு நட்சத்திரத்தால் மட்டும் வருவது. வேறு எதுவும் அந்த இடத்தில் உட்காராது.

சரி, இந்தச் சோதனையில் தேறிய கதைகளெல்லாம் ஒரே தரமா? அதுதான் இல்லை. அறிவியலை எடுத்தால் முழுக்கச் சரிந்துவிடும் கதைகளிலும், எனக்குப் பெரிய மனக்குறை வைக்கும் ஒன்று உண்டு.

விதியை எழுதியவர் யார்: 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்'

டாம் காட்வின் எழுதிய இந்தக் கதை (தலைப்பின் பொருள் 'குளிர்ந்த சமன்பாடுகள்') 1954 ஆகஸ்டில் 'அஸ்டௌண்டிங்' இதழில் வந்தது. தொலைவிலுள்ள ஒரு கோளில் காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு மருந்து கொண்டுபோகும் சிறிய அவசரக் கப்பல். ஓட்டுபவர் பார்ட்டன் மட்டும்தான் உள்ளே இருக்க வேண்டும். பொருள்கள் வைக்கும் அறையிலிருந்து உடல் வெப்பம் வெளிப்படுவதை ஒரு முள் காட்டிக்கொடுக்கிறது. அங்கே ஒளிந்திருப்பது மரிலின் என்ற 18 வயதுப் பெண். அண்ணனைப் பார்க்க ஆசைப்பட்டு ஏறிவிட்டாள். பிடிபட்டால் அபராதம் கட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

இங்கே அறிவியல் என்ன சொல்கிறது? ராக்கெட் சமன்பாட்டை ரஷ்ய அறிவியலாளர் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்டார். அதன்படி, குறிப்பிட்ட அளவு வேகத்தைக் குறைக்கத் தேவைப்படும் எரிபொருள், கப்பலின் எடைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். எடை 1 சதவீதம் கூடினால் எரிபொருளும் 1 சதவீதம் கூட வேண்டும். பார்ட்டனுக்குக் கொடுத்திருப்பது அவர் எடைக்கும் மருந்துக்கும் மட்டும் கணக்கிட்ட எரிபொருள். மரிலினை வெளியேற்றாவிட்டால் கப்பல் தரையில் மோதும், அவளும் பார்ட்டனும் சாவார்கள், மருந்து போய்ச் சேராமல் நோயாளிகளும் சாவார்கள். வேகக் குறைப்பைத் தள்ளிப்போட்டு அவளுக்குச் சிறிது நேரம் வாங்கித்தர மட்டுமே பார்ட்டனால் முடிகிறது. அந்த நேரத்தில் அவள் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறாள், வானொலியில் அண்ணனோடு பேசுகிறாள். அப்புறம் விண்வெளிக்குத் திறக்கும் காற்றறைக்குள் தானே நடந்து போகிறாள்.

முதல் வாசிப்பில் இது உலுக்கும். அந்தக் கால இதழ்க் கதைகளில் கெட்டிக்காரக் கதாநாயகன் கடைசி நேரத்தில் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவது வழக்கம். காட்வினும் அப்படித்தான் அவளைக் காப்பாற்றி எழுதி அனுப்பினார் என்றும், இதழாசிரியர் ஜான் டபிள்யூ. கேம்பல் பலமுறை திருப்பி அனுப்பி, அவள் சாகத்தான் வேண்டும் என்று எழுத வைத்தார் என்றும் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். வழி இல்லாத இடத்தில் வழி இல்லை என்று ஒரு கதை ஒப்புக்கொண்டது அன்றைக்குப் பெரிய விஷயம்தான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

இரண்டாம் வாசிப்பில்தான் கேள்விகள் வருகின்றன. விமர்சகர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருபவை இவை.

1. எந்தப் பொறியாளர் கூடுதல் எரிபொருளே இல்லாமல் ஓர் ஊர்தியை வடிவமைப்பார்? சாதாரண ஜெட் விமானம்கூட இறங்கும்போது இன்னும் 30 நிமிடம் பறக்கும் அளவு எரிபொருளைக் கடைசி இருப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

2. உள்ளே ஏறினால் சாவு என்றால், கதவுக்கு ஏன் ஒரு பூட்டு இல்லை? கிளம்புமுன் ஏன் யாரும் உள்ளே பார்க்கவில்லை?

3. அனுமதி இல்லாதவர்கள் நுழையக் கூடாது என்று எழுதிய பலகை, நுழைந்தால் என்ன ஆகும் என்று ஏன் சொல்லவில்லை?

இந்த மூன்றும் மனிதர்கள் செய்த முடிவுகள். இயற்கை செய்தவை ஒன்றுகூட இல்லை. ஆனால் கதை திரும்பத் திரும்பச் சொல்வது, இது இயற்பியலின் தீர்ப்பு, யார் மேலும் குற்றமில்லை என்று. ராக்கெட் சமன்பாடு குளிர்ந்ததுதான். மிச்சமே வைக்காமல் எரிபொருள் நிரப்பிய நிர்வாகம் சமன்பாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது, கதை அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. நட்சத்திரங்கள் ஒரே இரவில் அணைவதை மன்னிக்க முடிந்த நமக்கு இதை மன்னிக்க முடியாததன் காரணம், காட்வின் தன் கதையின் முழு எடையையும் சாய்த்திருப்பது இந்த ஓர் இடத்தில்தான் என்பது.

ஓர் அறிவியல் சிறுகதையின் விதி கொடூரமாக இருப்பதில் தவறில்லை. வேண்டிய முடிவு கிடைப்பதற்காக எழுத்தாளரோ இதழாசிரியரோ அதை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு, சாய்த்த கையை மறைத்தால், வாசகர் என்றைக்காவது அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

விதி வாக்கியத்துக்குள் இறங்கும்போது: 'ஃபிளவர்ஸ் ஃபார் ஆல்ஜெர்னான்'

டேனியல் கீஸின் இந்தக் கதை 1959இல் வந்தது, 1960இல் ஹ்யூகோ பெற்றது. அதையே விரித்து 1966இல் நாவலாக்கினார். இங்கே பேசுவது முதலில் வந்த சிறிய வடிவத்தைப் பற்றி.

சார்லி கார்டனுக்கு 37 வயது, நுண்ணறிவு எண் 68. ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. அறிவை மும்மடங்காக்கும் அறுவை சிகிச்சையை மனிதர்களில் முதன்முதலாக அவனுக்குச் செய்கிறார்கள். அவனுக்கு முன்னால் அதே சிகிச்சை செய்துகொண்டது ஆல்ஜெர்னான் என்ற எலி. கதை முழுவதும் சார்லி தன் கையால் எழுதும் முன்னேற்ற அறிக்கைகள்தான். வெளியிலிருந்து கதை சொல்லும் குரல் எங்கேயும் கிடையாது.

ஆரம்ப அறிக்கைகள் எழுத்துப் பிழையும் குழப்பமுமாக இருக்கின்றன. சிகிச்சைக்குப் பிறகு ஒரு நாள் காற்புள்ளி என்றால் என்ன என்று ஆசிரியை கற்றுத்தருகிறார். அன்றைய அறிக்கையில் சார்லி சொல்லுக்குச் சொல் காற்புள்ளி போட்டு எழுதுகிறான், அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. சில பக்கங்களுக்குள் வாக்கியங்கள் நீள்கின்றன, கலைச்சொற்கள் வருகின்றன. நம்மைத் தாண்டி எங்கேயோ போய்விட்ட ஒருவரின் எழுத்தாக அது ஆகிறது. அவன் அறிவாளி ஆகிவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை. படிக்கிற நாமே, ஒரு வாக்கியத்தை இரண்டாவது தடவை படிக்க வேண்டியிருக்கும்போது, அதைத் தெரிந்துகொள்கிறோம்.

அந்த உச்சத்தில் ஓர் உணவகக் காட்சி வருகிறது. தட்டு கழுவும் பையன் தட்டுகளைக் கீழே போட்டு உடைத்துவிடுகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள், சார்லியும் சிரித்துவிடுகிறான். அந்தப் பையன் தான் முன்பு இருந்த மாதிரி ஆள் என்பது அடுத்த கணம் உறைக்கிறது. இந்த ஒரு சிரிப்பைப் புதுக்கூறு இல்லாமல் எழுதவே முடியாது. கேலி செய்யப்பட்டவனும் கேலி செய்பவனும் ஒரே உடம்பில் இருக்கும் நிலையை அந்த அறுவை சிகிச்சை மட்டும்தான் தர முடியும்.

அப்புறம் ஆல்ஜெர்னான் தடுமாற ஆரம்பிக்கிறது. சார்லியே ஆராய்ந்து விதியைக் கண்டுபிடிக்கிறான்: செயற்கையாகக் கூட்டிய அறிவு, எவ்வளவு கூட்டினோமோ அந்த விகிதத்தில் வேகமாகச் சரியும். தன் முடிவைத் தானே கணக்குப் போட்டு எழுதுகிறான். பிறகு அறிக்கைகளில் பிழைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. ஒரு சொல்லில் ஓர் எழுத்து தப்பாக விழும்போது நமக்கு ஏற்படும் பதற்றத்தை, காற்றறைக்குள் நடந்துபோகும் மரிலின்கூட ஏற்படுத்தவில்லை என்பேன்.

காட்வின் கதையையும் இதையும் பக்கத்தில் வைத்தால் இரண்டிலும் தப்ப வழியில்லாத விதி இருக்கிறது. இரண்டிலும் ஒரு நல்ல மனிதர் அதற்குப் பலியாகிறார். வேறுபடுவது இங்கேதான்:

1. காட்வினின் விதி பாத்திரத்துக்கு வெளியே, கப்பலின் எரிபொருள் தொட்டியில் இருக்கிறது. பார்ட்டன் அதை மரிலினுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீஸின் விதி, கதையை எழுதும் கையின் மேலேயே வேலை செய்கிறது.

2. கீஸ் பொறுப்பானவர்களை ஒளித்துவைக்கவில்லை. முழுதாகச் சோதித்து முடிக்குமுன் ஒரு மனிதரிடம் கத்தியை எடுத்துப்போன மருத்துவர்களின் அவசரமும் புகழாசையும் கதைக்குள்ளேயே இருக்கின்றன. வாசகர் போய் வெளியிலிருந்து குற்றவாளியைத் தேட வேண்டியதில்லை.

3. முடிவு விஷயத்தில் இரண்டு இதழாசிரியர்களும் எதிரெதிர்த் திசையில் தள்ளினார்கள். கேம்பல் காட்வினைச் சாவை நோக்கித் தள்ளினார். கீஸ் முதலில் தன் கதையைக் 'கேலக்ஸி'யின் கோல்டிடம் கொடுத்தபோது, சார்லி அறிவோடே இருந்து, ஆசிரியையை மணந்து சுகமாக வாழட்டும் என்று மாற்றச் சொன்னார் அவர். கீஸ் மறுத்துவிட்டு வேறு இதழுக்குப் போனார். கௌபாய்க் கதைகளை அவ்வளவு தெளிவாக மறுத்த கோல்டே இப்படிக் கேட்டிருக்கிறார் என்பதிலிருந்து, விதியை அதன் முடிவுவரை போகவிடுவது எத்தனை கடினம் என்று தெரிகிறது.

எழுத்தாளர் பட்ட துன்பத்தைப் பொறுத்தோ, முடிவு சோகமா சுகமா என்பதைப் பொறுத்தோ நான் கீஸை உயர்த்தவில்லை. அவர் எடுத்துக்கொண்ட விதிக்கு அந்த ஒரு முடிவுதான் உண்டு. காட்வினின் கப்பலுக்குப் பல முடிவுகள் இருந்தன, அவரே முதலில் அவற்றை எழுதியும் பார்த்தார்.

விளக்கம்: எவ்வளவு, எங்கே

அறிவியல் கதையில் எதையாவது விளக்கியே ஆக வேண்டும். எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி இல்லை.

ஐசக் அசிமோவின் 'நைட்ஃபால்' 1941இல் வந்தபோது அவருக்கு வயது 21. ஆறு சூரியன்கள் கொண்ட லகாஷ் என்ற கோளில் 2,049 ஆண்டுக்கு ஒருமுறைதான் இருட்டு வரும். வரும்போது நாகரிகம் அழியும். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம், 1965க்கு முந்தைய கதைகளில் சிறந்தவை எவை என்று தன் உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தபோது, முதலிடம் பிடித்தது இதுதான். 'ஆல்ஜெர்னான்' மூன்றாவது.

கற்பனையின் அகலத்துக்காக முதலிடம் தந்தால் சரி. கதையாக எனக்கு அந்த வரிசை ஏற்புடையதில்லை. கதையின் பெரும்பகுதியில், அறிஞர்கள் ஒரு பத்திரிகையாளருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சூரியன்கள் எப்படிச் சுற்றுகின்றன, முந்தைய நாகரிகங்கள் எப்படி எரிந்தன, இருட்டு மனதை என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாக. அவர் கேட்பது நமக்காக. கடைசிப் பக்கத்தில் முப்பதாயிரம் நட்சத்திரங்கள் தெரியும்போதுதான் கதை உயிர்பெறுகிறது. அந்தப் பக்கம் அற்புதம், மறுக்கவில்லை.

பிராட்பரியின் வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை, விளக்க ஆளே இல்லை. அடுப்பு தானாக எட்டுத் துண்டு ரொட்டியை வாட்டுகிறது, எட்டு முட்டை பொரிக்கிறது. இன்று கட்ட வேண்டிய பில்களை ஒரு குரல் நினைவூட்டுகிறது. யாரும் வரவில்லை, ரொட்டி கழிவுநீரோடு போகிறது. பிறகு வெளிச்சுவரைப் பார்க்கிறோம். சுவர் முழுக்கக் கருகியிருக்கிறது, சில இடங்கள் மட்டும் மிச்சம்: புல் வெட்டும் ஓர் ஆணின் வடிவம், பூப்பறிக்கக் குனிந்த ஒரு பெண், கைகளை மேலே வீசிய ஒரு சிறுவன், மேலே ஒரு பந்து, அதைப் பிடிக்கக் கையை உயர்த்திய ஒரு சிறுமி. அணுகுண்டு விழுந்தது என்று யாரும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. ரொட்டியை எண்ணியபோது எத்தனை பேர் என்று தோராயமாக ஊகித்திருந்தோம், சுவரில் அவர்களைப் பார்த்துவிடுகிறோம்.

இதிலிருந்து விளக்கமே கூடாது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அடுத்த ஜோடி அதை உடைத்துவிடும்.

ஒரே இயற்பியல், இரண்டு கதைகள்

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. ஆற்றல் அழிவதில்லை, ஆனால் அதைக் கொண்டு வேலை செய்ய ஏதாவது ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும்: ஒரு பக்கம் சூடு ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் அழுத்தம் ஒரு பக்கம் வெறுமை. ஒவ்வொரு வேலையும் அந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சம் சமப்படுத்துகிறது. எல்லாம் சமமாகிவிட்டால் எதுவும் நடக்காது. இந்தச் சமப்படுத்தலின் அளவுதான் என்ட்ரோபி. வெளித்தொடர்பு இல்லாத அமைப்பில் அது குறைவதில்லை.

இதே விதியின் மேல் கட்டிய இரண்டு கதைகள், அசிமோவின் 'தி லாஸ்ட் கொஸ்சன்' (1956), டெட் சியாங்கின் 'எக்ஸலேஷன்' (2008).

அசிமோவில், 2061இல் இரண்டு தொழில்நுட்பப் பணியாளர்கள் குடித்துக்கொண்டே ஐந்து டாலர் பந்தயம் கட்டி ஒரு பெருங்கணினியிடம் கேட்கிறார்கள்: என்ட்ரோபியைத் திருப்ப முடியுமா? பொருளுள்ள பதில் தரப் போதிய தரவு இல்லை என்கிறது கணினி. காலம் தாவுகிறது. வேறு மனிதர்கள், இன்னும் பெரிய கணினி, அதே கேள்வி, அதே பதில். மனிதர்கள் உடம்பை விடுகிறார்கள், விண்மீன் மண்டலங்கள் அணைகின்றன, பதில் மாறுவதில்லை. கடைசியில் எதுவுமே மிச்சமில்லாத இடத்தில் கணினி விடையைக் கண்டுபிடித்து, பைபிளில் உலகைப் படைக்கும் கடவுளைப் போல, ஒளி உண்டாகட்டும் என்கிறது. தன் கதைகளில் தனக்கு மிகப் பிடித்தது இதுதான் என்று அசிமோவ் சொல்லியிருக்கிறார்.

சியாங்கின் உலகம், கெட்டியான குரோமியத்துக்குள் அடைபட்ட ஒரு வெளி. அங்கே வாழ்பவர்கள் இயந்திர உடல் கொண்டவர்கள், ஆர்கான் வாயு நிரப்பிய நுரையீரல்களைத் தினமும் மாற்றிக்கொள்பவர்கள். புத்தாண்டு நாளில் ஒருவர் மனப்பாடமாக ஒப்பிக்கும் பாடல் சரியாக ஒரு மணி நேரம் எடுக்கும். அந்த வருடம், அவர் முடிக்குமுன்பே கடிகாரம் மணி அடித்துவிடுகிறது. வேறு ஊர்களிலும் அப்படியே. கடிகாரங்களில் கோளாறு இல்லை. உடற்கூறு ஆய்வாளரான கதைசொல்லி, கண்ணாடிப் பட்டகங்களும் நெம்புகோல்களும் அமைத்து, விழித்திருக்கும்போதே தன் மூளையைத் தானே பிரித்துப் பார்க்கிறார். உள்ளே தங்கத் தகடுகளின் அசைவு. அவற்றை அசைப்பது காற்றோட்டம். நினைவும் எண்ணமும் அந்தக் காற்றின் ஓட்டமே. வெளியே காற்றழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, அதனால் உள்ளே ஓட்டம் மெதுவாகிறது. வேகமாக ஓடியது கடிகாரம் இல்லை, மெதுவானவை மூளைகள்.

கதையில் பாதிக்கு மேல் விளக்கம்தான். 'நைட்ஃபால்' மாதிரியே. ஆனால் இங்கே விளக்குவதே நிகழ்ச்சி. ஒவ்வொரு தகட்டை நகர்த்தும்போதும் தன்னைக் கொன்றுகொள்ளக்கூடிய ஒருவர் கண்டுபிடிக்கிறார், கண்டுபிடிப்பது தன் இனத்தின் முடிவை. அவர் யோசிக்கும் ஒவ்வொரு எண்ணமும் காற்றை அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அனுப்பி, அந்த முடிவைக் கொஞ்சம் முன்னால் இழுக்கிறது. விதி, விதியைக் கண்டுபிடிக்கும் செயல், அதற்கான விலை மூன்றும் ஒரே மண்டைக்குள் நடக்கின்றன. சார்லி தன் சரிவைத் தானே கணக்கிட்டதற்கு மிக அருகில் இருக்கிறது இது.

அசிமோவில் விலை கொடுப்பவர் யாரும் இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் வருகிறவர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரே பதில் திரும்பத் திரும்ப வருவதால் எழும் எதிர்பார்ப்புதான் அந்தக் கதையின் எந்திரம், அது மிக நன்றாக ஓடுகிறது. முதல் வாசிப்பின் அதிர்வில் அசிமோவ் முந்துவார் என்றே நினைக்கிறேன். மூன்றாவது வாசிப்பில் அவர் கதையின் நடுப்பகுதிகளைத் தாண்டிப் போக முடிகிறது, கடைசிப் பத்திக்காகவே காத்திருக்கிறோம். சியாங்கில் தாண்டிப்போக ஒரு பத்தி கிடைப்பதில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 'எக்ஸலேஷன்' என்பேன்.

இந்த அளவுகோல் செல்லாத இடம்

ஃபிரெட்ரிக் பிரௌனின் 'ஆன்சர்' (1954) ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். 9,600 கோடி கோள்களின் கணினிகளை ஒன்றாக இணைக்கிறார்கள். முதல் கேள்வி, கடவுள் இருக்கிறாரா என்பது. இருக்கிறார், இப்போது இருக்கிறார் என்கிறது இயந்திரம், மின்இணைப்பைத் துண்டிக்கப் பாய்ந்தவரை இடி தாக்குகிறது. இயந்திரம் கடவுளாவது அசிமோவின் கதையிலும் நடப்பதுதான், அதனால் பலர் இவை இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். ஆனால் இந்த நீளத்தில் பாத்திரத்துக்கு இடமில்லை, விதியை விரித்துக் காட்டவும் இடமில்லை. விலை கொடுப்பவர் யார் என்று கேட்பதற்குள் கதை முடிந்துவிடுகிறது. ஒரே அடிதான், அது சரியாக விழுந்ததா என்று மட்டுமே பார்க்க முடியும். பிரௌனின் அடி சரியாக விழுகிறது. அதை இன்னொரு ஒருபக்கக் கதையோடுதான் ஒப்பிட வேண்டும், அசிமோவோடும் சியாங்கோடும் வேண்டாம்.